தந்தமில்லாத யானை, நிறம் பொருந்தாத முயல்: தகவமைப்பு எப்படி நடக்கிறது, எங்கே கைவிடுகிறது?

மொசாம்பிக் நாட்டின் கோரோங்கோசா தேசியப் பூங்காவில் பெண் யானைகள் பல தந்தமில்லாமலே பிறக்கின்றன என்றும், அதற்கான மரபணுக் காரணம் தெரியவந்துவிட்டது என்றும் 2021-இல் ஓர் ஆய்வு வெளியானது. உலகெங்கும் அது செய்தியாயிற்று. வேட்டைக்காரர்களுக்குத் தப்பவே யானைகள் தந்தத்தை விட்டுவிட்டன என்ற தொனியில்தான் பலரிடம் அந்தச் செய்தி போய்ச் சேர்ந்தது.

படித்தவர்களுக்கு இரண்டு சந்தேகங்கள் வருவது இயல்பு. ஒரு யானையால் தன் உறுப்பை வேண்டாமென்று எப்படி விட முடியும்? அப்படி விட முடியுமென்றால், காடு சுருங்கினாலும் கடல் சூடானாலும் உயிரினங்கள் எப்படியாவது சமாளித்துக்கொள்ளும் என்று நாம் நிம்மதியாக இருந்துவிடலாமா?

இரண்டுக்கும் விடை தகவமைப்பு என்ற கருத்தில் இருக்கிறது. பாடப்புத்தகத்தில் அது ஒட்டகத்துக்குத் திமில், கள்ளிக்கு முள், வாத்துக்குச் சவ்வுக்கால் என்று ஒரு பட்டியலாக முடிந்துவிடுகிறது. அந்தப் பட்டியலில் விடுபட்டுப்போவது விலை. ஒவ்வொரு சிறப்பு உறுப்புக்கும் அந்த உயிர் எதையோ கொடுத்திருக்கிறது, இன்றும் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இத்தகைய செய்திகளின் முழுப் பொருள் விளங்கும்.

## முதலில் வரையறை

ஓர் உயிரினம் தன் சூழலில் பிழைத்திருக்கவும் இனம் பெருக்கவும் உதவுகிற, மரபுவழியாக அடுத்த தலைமுறைக்குப் போகிற பண்பு எதுவோ, அதுவே தகவமைப்பு. அது உடலமைப்பாக இருக்கலாம்: கழுகின் நகம், மீனின் துடுப்பு. உடலுக்குள் நடக்கும் இயக்கமாக இருக்கலாம்: தண்ணீரே குடிக்காமல் விதைகளைத் தின்று வாழும் கங்காரு எலி, மிகக் கெட்டியான சிறுநீரை மட்டும் கழித்து ஈரத்தை மிச்சம் பிடிக்கிறது. நடத்தையாகவும் இருக்கலாம்: வலசை போவது, பகலில் வளைக்குள் பதுங்குவது. பெரும்பாலும் மூன்றும் சேர்ந்தே வேலை செய்யும்.

இந்த வரையறையில் 'மரபுவழியாக' என்பதை விட்டுவிட்டால் எல்லாமே குழம்பும். சமவெளியில் வாழும் ஒருவர் 4,000 மீட்டர் உயரத்துக்குப் போய்ச் சில வாரங்கள் தங்கினால், அவர் இரத்தத்தில் சிவப்பணுக்கள் கூடும். கீழே இறங்கினால் மெல்லப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அவர் பிள்ளைகளுக்கு அது போய்ச் சேராது. இது பழகிக்கொள்ளுதல், தகவமைப்பு ஆகாது.

திபெத்திய மக்களின் உடல் வேறு விதம். தலைமுறை தலைமுறையாக உயரத்தில் வாழும் அவர்களிடம் இபாஸ்-1 என்ற மரபணுவின் தனி வடிவம் பரவலாக இருக்கிறது. அதனால் அந்த உயரத்திலும் அவர்களுடைய ஹீமோகுளோபின் அளவு அதிகம் ஏறுவதில்லை. ஆக்சிஜன் குறைந்த இடத்தில் ஹீமோகுளோபின் ஏறாமல் இருப்பது எப்படி நன்மையாகும் என்று தோன்றலாம். சிவப்பணுக்கள் மிகுந்தால் இரத்தம் தடித்துவிடும். தடித்த இரத்தத்தைத் தள்ள இதயம் திணறும். சமவெளிக்காரரின் உடல் அவசரத்துக்குச் செய்யும் ஏற்பாடு நீண்ட நாளில் அவருக்கே சுமையாகும். திபெத்தியர் உடலில் அந்த அவசர ஏற்பாடு அடக்கி வைக்கப்பட்டிருக்கிறது. இந்த மரபணு வடிவம் டெனிசோவன் என்ற, அழிந்துபோன மனித இனத்திடமிருந்து கலப்பின் வழியாக வந்தது என்று 2014-இல் வெளியான ஆய்வு காட்டியது.

இயற்கைத் தேர்வு இத்தகைய பண்புகளை உருவாக்க மூன்று நிபந்தனைகள் போதும்:

1. ஒரே இனத்துக்குள் வேறுபாடு இருக்க வேண்டும். ஒரு பறவைக் கூட்டத்தில் எல்லா அலகும் ஒரே அளவு என்றால் தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை.
2. அந்த வேறுபாட்டின் ஒரு பகுதியாவது பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வர வேண்டும்.
3. அந்த வேறுபாட்டால் யார் பிழைக்கிறார், யார் அதிகக் குஞ்சு பொரிக்கிறார் என்பது மாற வேண்டும்.

விருப்பம், முயற்சி, தேவை என்ற எதுவும் இந்தப் பட்டியலில் இல்லை. ஒட்டகச்சிவிங்கி எட்டி எட்டிப் பார்த்துக் கழுத்தை நீட்டிக்கொள்ளவில்லை. தனி விலங்கு எதுவும் தன்னைத் தகவமைத்துக்கொள்வதே இல்லை. மாறுவது கூட்டத்தின் கலவை: சிலர் குறைகிறார்கள், சிலர் பெருகுகிறார்கள். தகவமைப்பு என்று நாம் வியப்பதன் பின்னால் எப்போதும் ஒரு சாவுக் கணக்கும் இருக்கிறது.

## அரை மில்லிமீட்டரில் இருந்த உயிர்

இந்தக் கணக்கை மனிதர்கள் நேரில் அளந்து பார்த்த இடம் ஒன்று உண்டு. கலாபகஸ் தீவுக்கூட்டத்தில் டாஃப்னி மேஜர் என்ற சிறு எரிமலைத் தீவு. உயிரியலாளர்களான பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதியர் 1973 முதல் அங்கே ஃபிஞ்ச் குருவிகளைப் பிடித்து, காலில் வளையமிட்டு, அலகின் நீளம், ஆழம், அகலம் எல்லாவற்றையும் அளந்து குறித்துவந்தார்கள். தீவு சிறியது என்பதால் ஏறத்தாழ ஒவ்வொரு குருவியையும் தனித்தனியாக அடையாளம் தெரியும்.

1977-இல் மழை பொய்த்தது. புல் பூண்டுகள் விதை தரவில்லை. தரையில் கிடந்த சிறிய, மெல்லிய விதைகளைக் குருவிகள் முதலில் தின்று தீர்த்தன. மிஞ்சியவை பெரிய, கெட்டியான விதைகள், குறிப்பாக நெருஞ்சி இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் முள் நிறைந்த காய்கள். அந்தக் காயைத் திருகி உடைக்க ஆழமான அலகு வேண்டும். சற்றே மெல்லிய அலகுள்ள குருவி அதே காயைக் கவ்வும், அழுத்தும், முடியாமல் கீழே போட்டுவிடும். நடுத்தரத் தரை ஃபிஞ்ச் என்ற இனத்தில் ஏறத்தாழ 85 விழுக்காடு அழிந்தன.

தப்பியவற்றை அளந்தபோது, வறட்சிக்கு முந்தைய கூட்டத்தைவிடச் சராசரி அலகு ஆழம் சுமார் அரை மில்லிமீட்டர் கூடியிருந்தது. அலகின் அளவு பெரும்பாலும் மரபுவழி வருவதால், அடுத்த தலைமுறைக் குஞ்சுகளும் பெரிய அலகோடு வளர்ந்தன. எந்தக் குருவியின் அலகும் வளர்ந்துவிடவில்லை. சிறிய அலகுகள் செத்துப்போயின, அவ்வளவுதான்.

கதை அதோடு நிற்கவில்லை என்பதே இதில் முக்கியம். 1982 இறுதியிலும் 1983-இலும் வந்த கடுமையான எல் நினோ (பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் நிகழ்வு) தீவை மழையில் மூழ்கடித்தது. கொடிகளும் புற்களும் மண்டின. சிறிய விதைகள் குவிந்தன. அதன்பின் வந்த ஆண்டுகளில் பிழைப்பில் முந்தியவை சிறிய அலகுக் குருவிகள். சில ஆண்டுகளுக்கு முன் உயிர்காத்த பெரிய அலகு இப்போது பாரமாயிற்று. நல்ல அலகு என்று பொதுவாக ஒன்று கிடையாது. இந்த ஆண்டு, இந்தத் தீவில், இந்த விதைகளுக்கு ஏற்ற அலகு என்றுதான் சொல்ல முடியும்.

## ஒட்டகம்: ஒரே உடலில் ஒன்றோடொன்று பூட்டிய ஏற்பாடுகள்

திமிலில் தண்ணீர் இருக்கிறது என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை. திமிலில் இருப்பது கொழுப்பு. கொழுப்பை எரித்தால் நீர் உண்டாகும் என்பது வேதியியல்படி உண்மை. ஆனால் எரிக்க ஆக்சிஜன் வேண்டும், ஆக்சிஜனுக்கு மூச்சு விட வேண்டும், வறண்ட காற்றில் விடும் ஒவ்வொரு மூச்சிலும் ஈரம் போகும். ஆகவே நீர்க் கணக்கில் திமிலால் இலாபமில்லை. அதன் வேலை உணவைச் சேமிப்பது. கொழுப்பு உடல் முழுவதும் பரவாமல் முதுகில் ஒரே இடத்தில் குவிந்திருப்பதால், உடலின் மற்றப் பகுதிகளிலிருந்து வெப்பம் தடையின்றி வெளியேறுகிறது.

ஒட்டகம் தாகத்தை எப்படித் தாங்குகிறது என்பதை 1950-களில் சஹாராவில் தங்கி அளந்தவர் கனூட் ஷ்மிட்-நீல்சன் என்ற உடலியங்கியல் அறிஞர். அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் கண்டவற்றைச் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் படம் இது:

1. உடல் வெப்பத்தை ஏற விடுகிறது. நீரில்லாத நாளில் ஒட்டகத்தின் உடல் வெப்பம் விடியற்காலையில் 34 டிகிரி செல்சியஸ் வரை இறங்கி, பிற்பகலில் 40-ஐத் தாண்டும். நமக்கு அது கடுங்காய்ச்சல். ஒட்டகமோ அந்த ஏற்றம் முடியும் வரை வியர்வையைப் பிடித்துவைக்கிறது. சேர்ந்த வெப்பத்தை இரவுக் குளிரில் செலவில்லாமல் வெளியே விடுகிறது. பெரிய ஒட்டகம் ஒன்றுக்கு இதனால் ஒரு நாளில் மிச்சமாகும் நீர் ஏறத்தாழ 5 லிட்டர்.

2. முதுகு மயிர் வெயிலைத் தடுக்கிறது. மயிரைக் கத்தரித்த ஒட்டகம், கத்தரிக்காததைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு நீரை இழந்தது. பாலைவனத்தில் கம்பளி எதற்கு என்ற கேள்விக்கு இதுவே பதில்: வெளியிலிருந்து வரும் வெப்பத்துக்கும் தோலுக்கும் நடுவே அது ஒரு தடுப்பு.

3. மூச்சிலிருந்து ஈரத்தைத் திருப்பி எடுக்கிறது. மூக்கின் உட்புறம் சுருள் சுருளாக மடிந்து பரந்திருக்கிறது. இரவில் வெளிவிடும் காற்று அங்கே குளிர்ந்து, அதன் ஈரத்தில் ஒரு பங்கு உள்ளேயே தங்கிவிடுகிறது.

4. இரத்தத்தை நீர்மையாக வைத்திருக்கிறது. உடல் எடையில் கால் பங்கு அளவுக்கு நீரை இழந்தாலும் ஒட்டகம் நடமாடும். இழப்பின் பெரும்பகுதி திசுக்களிலிருந்து போகிறது. இரத்தத்தின் நீர் அவ்வளவு குறைவதில்லை. அதனால் இரத்த ஓட்டம் நின்றுபோவதில்லை.

5. குடிக்கும்போது ஒரேயடியாகக் குடிக்கிறது. சில நிமிடங்களில் 100 லிட்டர் வரை உள்ளே போகும். மற்ற விலங்குகளுக்கு இப்படித் திடீரென நீர் ஏறினால் சிவப்பணுக்கள் உப்பி வெடிக்கும். ஒட்டகத்தின் சிவப்பணுக்கள் நீள்வட்ட வடிவில் இருக்கின்றன. இரு மடங்குக்கு மேல் உப்பியும் தாங்குகின்றன.

இந்த ஐந்தில் எதைத் தனியே பிடுங்கிப் பார்த்தாலும் பயன் குறைவு. ஒரேயடியாகக் குடிக்க முடியாவிட்டால் கால் பங்கு இழப்பைத் தாங்கி என்ன பயன்? "ஒட்டகத்தின் சிறப்பு திமில்" என்று ஒரே வரியில் முடிப்பது அந்த உடலுக்குச் செய்யும் அநீதி என்றே எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்றும் உண்டு. ஒட்டகக் குடும்பம் தோன்றியது வட அமெரிக்காவில். கனடாவின் வட துருவப் பகுதியில் எல்ஸ்மியர் தீவில் கிடைத்த, சுமார் 35 இலட்சம் ஆண்டுப் பழமையான எலும்புத் துண்டுகள் ஒட்டக இனத்தவை என்று 2013-இல் உறுதியானது. அந்த இடம் அப்போது குளிர்காலத்தில் பனி மூடும் காடு. அகன்ற பாதமும் கொழுப்புத் திமிலும் முதலில் பனியிலும் நீண்ட இருட்குளிரிலும் பயன்பட்டு, பிறகு மணலில் வேறு வேலைக்கு வந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஓர் உறுப்பு இன்று செய்யும் வேலைக்காகவே தோன்றியது என்று எண்ணிவிடக் கூடாது. இறகும் அப்படித்தான்: பறக்கவே முடியாத டைனோசர்களுக்கும் இறகு இருந்திருக்கிறது.

## ஓடிப்போக முடியாத உயிர்கள்

விலங்குக்குக் கால் இருக்கிறது. வெயில் என்றால் நிழலுக்குப் போகும். செடி நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சமாளிக்க வேண்டும். அதனாலேயே தாவரங்களின் தகவமைப்புகள் இன்னும் நுட்பமானவை. செய்திகளில் அவற்றுக்கு இடம் கிடைப்பதுதான் குறைவு.

சப்பாத்திக்கள்ளியை எடுத்துக்கொள்வோம். முள்ளாக மாறியது அதன் இலை. உணவு தயாரிக்கும் வேலையைப் பச்சைத் தண்டு எடுத்துக்கொண்டுவிட்டது. கண்ணுக்குத் தெரியாத பெரிய மாற்றம் அந்தத் தண்டுக்குள் இருக்கிறது. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை வாங்கும். திறந்த துளை வழியே நீராவி போய்க்கொண்டே இருக்கும். கள்ளி துளைகளை இரவில் திறக்கிறது. உள்ளே வந்த கரியமில வாயுவை மாலிக் அமிலமாக்கிச் செல்களில் சேமிக்கிறது. விடிந்ததும் துளைகளை மூடிக்கொண்டு, சேமித்ததை வைத்து வெயிலில் உணவு தயாரிக்கிறது. இதற்கு விலை வேகம். ஓர் இரவில் சேமிக்கும் அமிலத்துக்கு மேல் அடுத்த பகலில் செலவழிக்க வழியில்லை. ஆகவே கள்ளி மெல்லத்தான் வளரும். தண்ணீர் தாராளமாக உள்ள இடத்தில் சாதாரணப் புல்லோடு போட்டியிட முடியாமல் தோற்கும்.

சதுப்புநிலக் கடலோரத்தில் வளரும் மரங்களுக்குத் தலைகீழான சிக்கல். சுற்றிலும் தண்ணீர், ஆனால் உப்பு. காலடியில் சேறு, ஆனால் அதில் ஆக்சிஜன் இல்லை. சுரபுன்னை உப்பில் பெரும்பகுதியை வேரிலேயே வடிகட்டிவிடுகிறது. வெண்கண்டல் ஓரளவு உப்பை உள்ளே விட்டு, இலையிலுள்ள சுரப்பிகள் வழியே வெளியே தள்ளுகிறது. வறண்ட நாளில் அந்த இலையைத் தடவினால் உப்புப் பொடி விரலில் ஒட்டும். மூச்சு விட வெண்கண்டல் சேற்றிலிருந்து மேல்நோக்கிக் குச்சி குச்சியாக வேர்களை நீட்டுகிறது. சுரபுன்னை தாங்குவேர்களால் தன்னையே தூக்கி நிறுத்திக்கொள்கிறது. சுரபுன்னையின் விதை தாய்மரத்தில் இருக்கும்போதே முளைத்து, நீண்ட நாற்றாகித்தான் விழுகிறது. அலை அடித்துப்போகும் இடத்தில் விதையாக விழுவதைவிட நாற்றாக விழுவது பாதுகாப்பு. ஒவ்வொரு நாற்றுக்கும் தாய்மரம் மாதக்கணக்கில் உணவூட்ட வேண்டியிருக்கிறது என்பது அதற்கான விலை.

பூச்சி தின்னும் செடிகளில் விலைக் கணக்கு இன்னும் வெளிப்படை. வீனஸ் பூச்சிப்பொறி அமெரிக்காவின் வட, தென் கரோலினா மாநிலங்களின் சதுப்புகளில் மட்டும் இயற்கையாக வளர்கிறது. அங்கே மண்ணில் நைட்ரஜன் மிகக் குறைவு. இலையின் நுனி இரண்டு மடல்களாக விரிந்திருக்கும். ஒவ்வொரு மடலின் உட்புறமும் சில நுண் மயிர்கள். ஒரு மயிரில் பூச்சி ஒரு முறை மோதினால் எதுவும் நடக்காது. சுமார் 20 நொடிக்குள் இரண்டாவது முறை மோதினால், ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் மடல்கள் மூடும். அப்போதும் செரிமானம் தொடங்குவதில்லை. உள்ளே சிக்கியது துடித்து மீண்டும் மீண்டும் மயிர்களைத் தொட வேண்டும். ஏறத்தாழ 5 தொடுகைகளுக்குப் பிறகே செரிக்கும் நொதிகளைச் செடி தயாரிக்கத் தொடங்குகிறது என்று 2016-இல் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது.

ஒரு செடி ஏன் இப்படி எண்ணிக்கொண்டிருக்க வேண்டும்? மூடுவதற்கு ஆற்றல் செலவாகும். மழைத்துளிக்கும் சருகுக்கும் மூடினால் நட்டம். ஒரு பொறி சில முறை மூடித் திறந்தால் பிறகு வேலை செய்யாது. பொறியாக மாறிய இலை சாதாரண இலையைவிடக் குறைவாகவே ஒளிச்சேர்க்கையும் செய்கிறது. 1984-இல் தாவரவியலாளர் தாமஸ் கிவ்னிஷும் அவருடைய கூட்டாளிகளும் இதை வரவு செலவாகவே எழுதிப் பார்த்தார்கள்: வெளிச்சமும் ஈரமும் தாராளமாக இருந்து, சத்து மட்டும் குறைந்த இடத்தில்தான் பூச்சியுண்ணுதல் இலாபம் தரும். உலகின் பூச்சியுண்ணும் செடிகளில் பெரும்பாலானவை அப்படிப்பட்ட இடங்களிலேயே நிற்கின்றன.

## விலையைக் காட்டிக்கொடுத்த வேலி

விலை இருக்கிறது என்று சொல்வது எளிது. சோதித்துப் பார்க்க முடியுமா? கென்யாவின் லைகிப்பியா பகுதியில் அது நடந்தது. அங்கே ஒரு வகை வேலமரம் இருக்கிறது. அதன் முட்கள் சிலவற்றின் அடி உப்பி உள்ளே வெற்றிடமாக இருக்கும். எறும்புகள் அதில் குடியிருக்கும். மரம் இலைக்காம்பில் தேனும் சுரந்து கொடுக்கிறது. பதிலுக்கு, யானையோ ஒட்டகச்சிவிங்கியோ வாய் வைத்தால் எறும்புகள் திரண்டு கடிக்கின்றன.

1995 முதல் சில இடங்களில் வேலி போட்டுப் பெரிய மேய்ச்சல் விலங்குகளை வெளியே நிறுத்தினார்கள். எதிரியே வராவிட்டால் மரத்துக்குக் கொண்டாட்டம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். 2008-இல் வெளியான முடிவு வேறாக இருந்தது. மேயப்படாத மரங்கள் தேனையும் உப்பிய முட்களையும் குறைத்துக்கொண்டன. அதுவரை செலவு இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். ஆனால் வருமானம் குறைந்ததும் காவல்கார எறும்புகள் நலிந்தன. அந்த இடத்தில் மரத்தைக் காக்காத இன்னொரு எறும்பினம் பெருகியது. புதிதாக வந்த எறும்பு, தண்டைத் துளைக்கும் வண்டுகளின் பொந்துகளில் குடியிருப்பது. வண்டுத் தாக்குதல் கூடியது, மரங்கள் மெதுவாக வளர்ந்தன, அதிகமாகச் செத்தன. எதிரியை அகற்றியதில் காவலும் போய்விட்டது.

## மீண்டும் கோரோங்கோசா

இப்போது யானைகளுக்கு வரலாம். ஆப்பிரிக்க யானைகளில் ஆண், பெண் இரண்டுக்கும் தந்தம் உண்டு. மண் தோண்டவும், மரப்பட்டை உரிக்கவும், வறட்சியில் ஆற்றுமணலில் நீர் தேடவும் அது கருவி. எப்போதும் சில பெண் யானைகள் மட்டும் தந்தமில்லாமல் பிறந்துவந்தன. அதாவது முதல் நிபந்தனையான வேறுபாடு முன்பே இருந்தது.

மொசாம்பிக்கில் 1977 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரில் இரு தரப்புப் படைகளும் தந்தத்துக்காக யானைகளைக் கொன்றன. கோரோங்கோசாவின் யானைகளில் 90 விழுக்காட்டுக்கு மேல் அழிந்தன. தந்தமுள்ளவை குறிவைக்கப்பட்டதால் தந்தமில்லாத பெண்கள் அதிகம் தப்பின. போருக்கு முன் 18.5 விழுக்காடாக இருந்த தந்தமில்லாப் பெண் யானைகளின் பங்கு, போருக்குப் பின் சுமார் 51 விழுக்காடாயிற்று. எந்த யானையும் தந்தத்தைத் துறக்கவில்லை. டாஃப்னி மேஜர் குருவிகளின் கதையேதான். கொன்றது வறட்சிக்குப் பதில் துப்பாக்கி.

தந்தமில்லா ஆண் யானை அங்கே ஏன் இல்லை என்ற கேள்விக்கு விடை மரபணுவில் கிடைத்தது. இந்தப் பண்போடு தொடர்புடைய முக்கிய மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்றில் மாற்றம் இருந்தாலும் மற்றொன்று காப்பாற்றும், தந்தம் மட்டும் வராது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றே. மாற்றமுள்ள எக்ஸ் வாய்த்த ஆண் கரு பிறக்கும் முன்பே இறந்துவிடுகிறது என்று ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள். அப்படியானால் தந்தமில்லாத் தாயின் ஆண் கருக்களில் பாதி போய்விடும். பிறக்கும் கன்றுகளில் மூன்றில் இரண்டு பங்கு பெண்ணாக இருக்கும். கோரோங்கோசாவில் எண்ணிப் பார்த்தபோது கணக்கு ஏறத்தாழ அப்படியே பொருந்தியது.

ஆக, தந்தமின்மை வேட்டைக்காரனிடமிருந்து காத்தது; கருப்பையில் பறித்துக்கொண்டது. வேட்டை நின்ற பிறகும் அந்த இழப்பு தாய்க்குத் தாய் தொடர்கிறது. இதை இயற்கையின் வெற்றி என்று எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. பத்தில் ஒன்பது பங்கு அழிந்த கூட்டத்தில், மிச்சமிருந்தவர்கள் சுமக்கும் தழும்பு அது.

## வேகம் என்ற சிக்கல்

அடுத்த சந்தேகம்: எல்லா உயிரும் இப்படியே ஈடுகொடுத்துவிடுமா? மூன்று விஷயங்கள் இதைத் தீர்மானிக்கின்றன.

முதலாவது தலைமுறை நீளம். பாக்டீரியா சில நல்ல நிலைகளில் 20 நிமிடத்தில் இரண்டாகும். அதனால்தான் புதிய மருந்துக்குச் சில ஆண்டுகளிலேயே அது எதிர்ப்பு பெற்றுவிடுகிறது. யானைக்கு ஒரு தலைமுறை என்றால் ஏறத்தாழ கால் நூற்றாண்டு. இரண்டாவது, கூட்டத்துக்குள் உள்ள வேறுபாடு. எண்ணிக்கை சுருங்கிய இனத்தில் தேர்ந்தெடுக்கச் சரக்கே இருக்காது. மூன்றாவது, உடல் எந்தக் குறிப்பை நம்பி இயங்குகிறது என்பது. பொதுவாக யாரும் பேசாதது இந்த மூன்றாவதுதான்.

கடலாமைகளைப் பாருங்கள். முட்டையிலிருந்து வருவது ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பம் தீர்மானிக்கிறது. சூடு கூடினால் பெண். ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டின் வடபகுதியில் பிறந்த இளம் பச்சை ஆமைகளில் ஏறத்தாழ 99 விழுக்காடு பெண் என்று 2018-இல் வந்த ஆய்வு சொன்னது. பல கோடி ஆண்டுகள் வேலை செய்த ஏற்பாடு, சூடேறும் மணலில் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது.

வட அமெரிக்காவின் பனிக்கால் முயல் இன்னும் துல்லியமான எடுத்துக்காட்டு. கோடையில் பழுப்பு, குளிர்காலத்தில் வெள்ளை. மயிர் எப்போது உதிர்ந்து மாற வேண்டும் என்பதற்கு அந்த முயலின் உடல் பார்ப்பது பகலின் நீளத்தை. பனி விழுகிறதா என்று அது பார்ப்பதில்லை. பல்லாயிரம் ஆண்டுகளாகப் பகல் சுருங்குவதும் பனி விழுவதும் ஒன்றாகவே வந்தன. எனவே அது நம்பகமான குறிப்பு. இப்போது பனிக்காலம் சுருங்குகிறது, பகல் நீளமோ மாறவில்லை. முயல் வழக்கமான நாளில் வெள்ளையாகிறது; பழுப்புத் தரையில், காய்ந்த சருகுகளுக்கு நடுவே, வெள்ளைவெளேரென்று உட்கார்ந்திருக்கிறது. தான் மறைந்திருப்பதாகவே எண்ணி அசையாமலும் இருக்கிறது. நிறம் பொருந்தாத முயல்களின் வாராந்திரப் பிழைப்பு விகிதம் 7 விழுக்காடு வரை குறைந்ததை 2016-இல் வெளியான கள ஆய்வு பதிவுசெய்தது. ஒரு வாரக் கணக்கில் சிறியதாகத் தெரியும் இந்தக் குறைவு, வாரம் வாரமாகச் சேரும்போது கூட்டத்தின் எண்ணிக்கையையே கீழே இழுக்கும்.

இங்கேயும் வேறுபாடு இருக்கிறது என்பது நம்பிக்கை தருகிறது. பசிபிக் கடலோரத்தை ஒட்டிய, பனி குறைந்த பகுதிகளில் இதே இனத்து முயல்கள் சில குளிர்காலத்திலும் பழுப்பாகவே இருக்கின்றன. அகூட்டி என்ற மரபணுவின் ஒரு வடிவமே காரணம். கருவால் முயல் என்ற வேறோர் இனத்தோடு எப்போதோ நடந்த கலப்பில் அது வந்தது என்று 2018-இல் கண்டறிந்தார்கள். வெள்ளையாகும் முயல்களும் பழுப்பாகவே இருக்கும் முயல்களும் ஒன்றாக வாழும் இடைப்பட்ட பகுதிகளும் உண்டு. அங்கே பிறக்கும் குட்டிகளில் சில எப்படியும் சூழலுக்குப் பொருந்தும். அங்கிருந்து பழுப்பு மரபணு அக்கம்பக்கத்துக் கூட்டங்களுக்குப் பரவவும் முடியும்.

பரவ வேண்டுமென்றால் முயல்கள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போகத் தொடர்ச்சியான காடு வேண்டும். கூட்டமும் பெரிதாக இருக்க வேண்டும். 2018-இலேயே இன்னொரு ஆய்வு, முயல், வீசல் என்ற சிறு ஊனுண்ணி, நரி உள்ளிட்ட நிறம் மாறும் இனங்கள் பலவற்றை எடுத்துக்கொண்டு, உலகில் இத்தகைய இடைப்பட்ட பகுதிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று வரைபடமாக்கியது. பாதுகாக்கப்பட்ட காடுகளின் எல்லையை எங்கே போடுவது, எந்த இரண்டு காடுகளுக்கு நடுவே பாதை விடுவது என்று முடிவெடுப்பவர்கள் கையில் இன்று இருக்கும் மிகப் பயனுள்ள தகவல்களில் அந்த வரைபடமும் ஒன்று.